மூங்கிலும் கொடியும்: வழித்தோன்றல் குறித்த சில கேள்விகள்

தந்தை பெயரிலுள்ள வீட்டின் கத்தாவை (சொத்துப் பதிவை) மாற்றுவதற்கு, நாட கச்சேரி என்னும் வருவாய்த் துறை அலுவலகத்தில் ‘வம்சவிருட்ச’ என்ற குடும்ப வழிமுறைச் சான்றிதழை வாங்கி வரச் சொல்கிறார்கள். இதற்குத் தமிழ்ச் சொல் உண்டா? (அல்சூர் வாசகர்)

உண்டு, கொடிவழி என்பதே அது. வம்சம் என்னும் வடசொல்லின் முதற்பொருள் மூங்கில். கணுவுக்கு மேல் கணுவாக ஒரே தண்டாய் உயரும் மூங்கிலைத் தலைமுறைக்கு மேல் தலைமுறையாக வரும் குடிக்கு உவமையாக்கினர் என்றும், நாளடைவில் உவமையே பொருளாகிவிட்டது என்றும் விளக்குவர். விருட்சம் என்பது மரம். ஆகவே அந்தச் சான்றிதழில் மூங்கிலும் மரமும் சேர்ந்தே நிற்கின்றன. தமிழ் அதே இடத்தில் கொடியை வைத்தது. தாயையும் சேயையும் இணைப்பதையும் தொப்புள்கொடி என்றே சொல்கிறோம் என்பதால், எனக்கு இந்தச் சொல்லே நெருக்கமாகத் தோன்றுகிறது. கால்வழி என்ற சொல்லும் உண்டு. கால் என்பதற்கு வாய்க்கால் என்ற பொருளும் இருப்பதை நினைவில் கொள்ளலாம். ஆனால் விண்ணப்பத்தில் வம்சவிருட்ச என்றே எழுதுங்கள். கச்சேரியில் சொல்லாராய்ச்சி செல்லாது.

வழித்தோன்றலும் வாரிசும் ஒன்றுதானா? (ஜெயநகர் வாசகி)

அல்ல. வாரிசு அரபு மூலத்திலிருந்து வந்த சொல். இறந்தவரின் உடைமைக்கு உரியவரைக் குறிப்பது. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி கணவனின் சொத்துக்கு மனைவி முதல் வகுப்பு வாரிசு. ஆனால் அவர் கணவனின் வழித்தோன்றல் அல்லர். வழித்தோன்றல் என்பது மகன், மகள், பேரர் என நேர்கீழாக இறங்கும் பிறப்புத் தொடர்பை மட்டுமே சொல்வதால், தம்பி மகனுக்கும் அது பொருந்தாது.

‘தாயாதி’யில் இருப்பது அன்னையா? (அதே வாசகி)

இல்லை. பங்குரிமையைக் குறிக்கும் தாயத்தோடு உறவுடைய சொல் அது. வழக்கில் தாயாதிகள் என்போர் தந்தைவழிப் பங்காளிகளே.

மகள் வயிற்றுப் பிள்ளை எங்கள் வழித்தோன்றல் ஆகான் என்கிறார் என் பெரியப்பா. சரியா? (சிவாஜிநகர் வாசகர்)

சொல்லளவில் சரியில்லை. வழித்தோன்றல் என்பதில் ஆண்வழி மட்டும் என்ற வரம்பு எதுவுமில்லை. பேரன் என்பது பெயரன் என்பதன் மருவு. பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்று பொருள். கலித்தொகையின் மருதக்கலிப் பகுதியில் தலைவி தன் மகனை ‘எந்தை பெயரன்’ என்கிறாள். அங்கே பிள்ளை தாங்கியிருப்பது தாயின் தந்தை பெயரைத்தான்.