இணையவழிக் கூட்டங்களின் பாதுகாப்பு: சில கேள்விகள், பதில்கள்

‘எந்தச் செயலி பாதுகாப்பானது?’ என்றுதான் பலரும் கேட்கிறீர்கள். அதற்கு முன் ஒன்றை முடிவு செய்யுங்கள். யார் வேண்டுமானாலும் வரலாம் என்ற நிகழ்ச்சியா, குறிப்பிட்ட சிலர் மட்டும் கூடுவதா? பாதி பதில் அதிலேயே கிடைத்துவிடும்.

எங்கள் கவிதை வாசிப்பில் முன்பின் தெரியாத ஒருவர் நுழைந்து ஆபாசப் படத்தை ஓடவிட்டார். பாஸ்வேர்ட் வைத்திருந்தும் எப்படி வந்தார்?

பாஸ்வேர்டை உடைத்து வந்திருக்க வாய்ப்பு குறைவு. தெரிந்த யாரோ கொடுத்திருப்பார்கள். 2020-இல் நடந்த இப்படிப்பட்ட ஊடுருவல்களைப் பாஸ்டன், பிங்ஹாம்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். முறையாக அழைக்கப்பட்டவர்களே லிங்க்கையும் பாஸ்வேர்டையும் வெளியே கொடுத்து, வந்து கலாட்டா செய்யச் சொன்னதுதான் பெரும்பாலும் நடந்திருக்கிறது. உள்ளே இருப்பவர்களின் பெயரையே வைத்துக்கொண்டு வரச் சொன்னவர்களும் உண்டு. அப்படி வந்தால் காத்திருப்பு அறையில் பெயரைப் பார்த்து உள்ளே விடுவதும் பயன்படாது.

ஆய்வாளர்கள் பரிந்துரைத்தது ஆளுக்கொரு தனி லிங்க். ஜூமில் முன்பதிவைக் கட்டாயமாக்கினால் அது கிடைக்கும். ஒரே ஆள் பல கருவிகளில் இணையலாம் என்ற அனுமதியையும் எடுத்துவிடுங்கள். அப்புறம் திரைப் பகிர்வு நடத்துபவருக்கு மட்டும் இருக்கட்டும். பெயரை மாற்றும் வசதியை மூடுங்கள். பார்வையாளர்கள் பேசத் தேவையில்லை என்றால் வெபினார் முறையே நல்லது.

இவ்வளவும் செய்தாலும் ஒருவரை இதற்கென்றே உட்கார வையுங்கள். வரவேற்புரை சொல்பவரே கோ-ஹோஸ்டாகவும், அதாவது துணை நடத்துபவராகவும் இருந்து கண்காணிப்பார் என்பது நடக்காத காரியம். எல்லோருடைய வீடியோ, ஒலி, திரைப் பகிர்வு, அரட்டை அத்தனையையும் ஒரே அழுத்தில் நிறுத்தும் பொத்தான் ஜூமில் இருக்கிறது. அது எங்கே என்று அவருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்று. அன்று வாசித்துக்கொண்டிருந்த கவிஞரைக் கூப்பிட்டுப் பேசினீர்களா? இல்லையென்றால் முதலில் அதைச் செய்யுங்கள். இது அந்த மனிதரைக் காயப்படுத்தும் விஷயம்.

ஜூமில் எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷன் உண்டா, இல்லையா? ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

பேசுபவர்களின் கருவிகளைத் தவிர இடையில் யாரும், ஜூமும்கூட, கேட்கவோ பார்க்கவோ முடியாதபடி பூட்டுவதுதான் எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷன். குழப்பத்துக்குக் காரணம் ஜூம்தான். அப்படிப்பட்ட பாதுகாப்பு இருப்பதாக அந்நிறுவனம் சொல்லிவந்தது. உண்மையில் அப்போது அந்தப் பூட்டைத் திறக்கும் சாவிகள் அதன் சர்வர்களிலேயே இருந்தன. இதைத் தவறான விளம்பரம் என்று குற்றம்சாட்டிய அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷனுடன் 2020 நவம்பரில் ஜூம் சமரசம் செய்துகொண்டது. அதற்கு முந்தைய மாதம்தான் உண்மையான வசதி வந்தது. இலவசக் கணக்கிலும் இருக்கிறது. ஆனால் தானாக இயங்காது, நீங்கள்தான் இயக்க வேண்டும். இயக்கினால் கிளவுட் ரெக்கார்டிங் (ஜூமின் சர்வரில் பதிவு செய்வது) கிடையாது. சாதாரணத் தொலைபேசியில் அழைத்து இணையவும் முடியாது.

பொது நிகழ்ச்சிக்கு இது தேவையில்லை. யூடியூபில் ஓடப்போகும் பேச்சை யாரிடமிருந்து மறைக்கிறோம்? மனநல உதவிக் குழு, வன்முறைக்கு ஆளானவர்களின் சந்திப்பு, சங்க நிர்வாகக் குழு போன்றவற்றுக்குக் கட்டாயம் இயக்குங்கள். அங்கே கிளவுட் ரெக்கார்டிங் இல்லாமல் போவதும் நல்லதுதான்.

ஜிட்ஸி என்ற கூட்டச் செயலி ஓபன் சோர்ஸ் ஆயிற்றே, அது பாதுகாப்பானதுதானே?

நிரலை யாரும் சோதிக்கலாம் என்பது பெரிய பலம். உங்கள் சொந்த சர்வரில் நிறுவிக்கொள்ள முடிந்தால் இன்னும் நல்லது. மற்றபடி, இரண்டு பேருக்கு மேல் இருந்தால் வீடியோ ஒரு சர்வர் வழியாகத்தான் போகும். அந்த சர்வரை நடத்துபவரை நீங்கள் நம்பியாக வேண்டும். இரண்டே பேர் என்றால் பெரும்பாலும் நேரடி இணைப்பு, அதில் உங்கள் ஐபி முகவரி (இணையத்தில் உங்கள் இணைப்பை அடையாளம் காட்டும் எண்) எதிரில் இருப்பவருக்குத் தெரியவரலாம். பெயர் சொல்லாமல் பேச விரும்புபவர்கள் இதைக் கவனியுங்கள்.

கூட்டத்தைப் பதிவு செய்து வெளியிட்டோம். தன் முகம் தெரிகிறது என்று ஒருவர் கோபித்துக்கொண்டார். பொது நிகழ்ச்சிதானே?

அவர் கேட்டது நியாயம். பார்க்க வந்தவர், என்றைக்கும் இணையத்தில் கிடக்கச் சம்மதித்தவர் ஆகிவிடமாட்டார். அவர் வரும் பகுதியை வெட்டி மறுபடி ஏற்றுங்கள். இனிமேல் அழைப்பிதழிலேயே பதிவு உண்டு என்று எழுதுங்கள். பேச்சாளர் மட்டும் தெரியும்படி பதிவு செய்து, கேள்வி நேரம் வந்ததும் நிறுத்திவிடுங்கள். குறிப்பெடுக்கும் ஏஐ உதவியாளர் பங்கேற்பாளர் பட்டியலில் தெரிந்தால், யார் கொண்டுவந்தது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் வெளியேற்றிவிடலாம்.

ஒருவருக்கு மட்டும் அனுப்பும் அரட்டையை ஹோஸ்ட் படிப்பாரா?

ஜூமில் கூட்டம் நடக்கும்போது அவருக்குத் தெரியாது. ஆனால் நீங்கள் எழுதியது யாருக்கோ, அவர் தன் கணினியில் அரட்டையைச் சேமித்தால் உங்கள் செய்தியும் அதில் இருக்கும். அலுவலகக் கணக்காக இருந்தால் நிறுவனமே சேமித்துவைக்க வழி உண்டு. வம்பு பேச வேறு இடம் பாருங்கள்.

கூட்டத்தின் ஸ்க்ரீன்ஷாட்டைச் சமூக ஊடகத்தில் போடலாமா?

கேட்டுவிட்டுப் போடுங்கள், அதுவும் கூட்டம் முடிந்த பிறகு. 2020 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியப் பாதுகாப்பு அமைச்சர்களின் காணொளிக் கூட்டத்துக்குள் ஒரு டச்சுப் பத்திரிகையாளர் நுழைந்துவிட்டார். நெதர்லாந்து அமைச்சரின் ட்விட்டர் பக்கத்தில் வந்த படத்தில் கூட்டத்தின் முகவரியும் ரகசிய எண்ணின் பெரும்பகுதியும் தெரிந்தன. மிச்சத்தை அவர் ஊகித்துக்கொண்டார். படம் போடுவதற்கு முன் மேலே முகவரிப் பட்டையையும், கீழே பெயர்களையும், மேசையில் கிடக்கும் காகிதத்தையும் பாருங்கள்.

முன்பதிவுப் படிவத்தில் என்னென்ன கேட்கலாம்?

பெயரும் மின்னஞ்சலும் போதும். கைபேசி எண், பிறந்த தேதி, பணியிடம் எதற்கு? வாங்காத தகவல் கசியாது. பதில்கள் சேரும் தாளை லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம் என்ற நிலையில் விட்டுவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு, அதை இன்றைக்கே சரிபாருங்கள். நிகழ்ச்சி முடிந்து சான்றிதழ் அனுப்பியாயிற்றா? சரி, தாளை அழித்துவிடுங்கள்.