சிறு சிறு உதவிகளால் உலகத்தில் உண்மையிலேயே மாற்றம் ஏதும் வருமா?

பணமோ செல்வாக்கோ இல்லாத ஒருவர் அன்றாடம் செய்யும் சின்ன உதவிகளால் யாருக்காவது நன்மை விளையுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேலைக்குப் போய் வீடு திரும்புவதற்குள் நாள் முடிந்துவிடுகிறவர் நீங்கள் என்று ஊகிக்கிறேன். விளையும் என்பதே என் பதில். எனக்கு நன்றாகத் தெரிந்த ஓர் உதவியை மட்டும் சொல்கிறேன்: வங்கியில் பிறருக்குப் பணம் எடுக்கும் சீட்டு எழுதிக் கொடுப்பது.

நான் மன்னார்குடிப் பக்கத்தில் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். வங்கிக்குப் போகும்போதெல்லாம், கையில் பாஸ்புக்கை வைத்துக்கொண்டு யாரைக் கேட்கலாம் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்து நிற்கும் பெண்களைக் காண்கிறேன். 2011 கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களில் ஏறத்தாழ 73 விழுக்காட்டினருக்குத்தான் எழுதப் படிக்கத் தெரியும். தேதி, கணக்கு எண், தொகை ஆகியவற்றை எழுத இரண்டு நிமிடம் போதும். ஆனால் எழுதுவதோடு நிறுத்தினால் அது பாதி உதவிதான் என்பது என் உறுதியான கருத்து. தொகையை எழுத்திலும் எழுதி, பின்னால் யாரும் எதையும் சேர்க்க முடியாதபடி 'மட்டும்' என்று முடித்து, எழுதிய அனைத்தையும் உரியவருக்குப் படித்துக் காட்டி, அவர் சரி என்று சொன்ன பிறகே பெருவிரலை மையில் வைக்கச் சொல்ல வேண்டும்.

நூறு நாள் வேலைக் கூலியை எடுக்க வந்த ஒரு மூதாட்டிக்கு அப்படித்தான் சீட்டோடு சேர்த்துப் பாஸ்புக்கையும் வரிவரியாகப் படித்துக் காட்டினேன். முதியோர் ஓய்வூதியம் 1,200 ரூபாய் வரவு, 1,200 ரூபாய் பற்று என்று படித்தபோது என் கையைப் பிடித்து நிறுத்தினார். "இல்லையே டீச்சரம்மா, எனக்கு மாசம் ஆயிரந்தானே குடுக்குறாங்க" என்றார். அந்தத் தொகையை 2023 ஆகஸ்டு முதல் அரசு 1,200 ரூபாயாக உயர்த்தியிருந்தது அவருக்குத் தெரியாது. கைரேகைக் கருவியோடு தெருவுக்கே வந்து பணம் கொடுப்பவர், உயர்த்திய இருநூறு ரூபாயை மாதந்தோறும் தானே வைத்துக்கொண்டிருக்கிறார். மூதாட்டி கூச்சல் போடவில்லை. "எரநூறா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டு, அந்தப் பக்கத்தின் மூலையை மடித்து வைத்துக்கொண்டார். அடுத்த மாதம் பணம் கொடுக்க வந்தவரிடம் அந்தப் பக்கத்தை விரித்து நீட்டியிருக்கிறார். மறுபேச்சில்லாமல் 1,200 ரூபாய் கைக்கு வந்தது. பழைய பாக்கி இன்றுவரை வரவில்லை. அதே தெருவைச் சேர்ந்த இன்னும் சிலர் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்கள். அவர்களுக்கும் அதே கதைதான் நடந்திருந்தது.

அடுத்தவர் பணத்தில் தலையிட்டால் நாளைக்கு உங்கள் மேலேயே பழி விழும் என்று இங்கே சிலர் எழுதக்கூடும். அதற்காகவே நான் யாருடைய பணத்தையும் கையால் தொடுவதில்லை. ஏடிஎம் ரகசிய எண்ணை என்னிடம் சொல்ல விடுவதுமில்லை. கவுன்டரில் அவர்களே நின்று எண்ணி வாங்கிக்கொள்கிறார்கள்.

இது வங்கி செய்ய வேண்டிய வேலை என்று சொல்பவர்களோடு நான் முழுமையாக உடன்படுகிறேன். வாடிக்கையாளர் பயன்படுத்தும் படிவங்கள் ஆங்கிலம், இந்தி, வட்டார மொழி ஆகிய மூன்றிலும் இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி அறிவுறுத்தியிருக்கிறது. நான் போகும் கிளையின் சீட்டிலோ தமிழ் ஓர் எழுத்துகூட இல்லை. கேட்டால், மேலிடத்திலிருந்து வருவதைத்தான் தர முடியும் என்கிறார்கள். என்னிடம் படித்து, தமிழைத் தடுமாறாமல் எழுதக்கூடிய பெண்களே அந்தச் சீட்டைக் கூச்சத்தோடு என்னிடம் நீட்டும்போது எனக்கு வரும் கோபம் கொஞ்சமல்ல. எழுத்தறிந்தவர்களையும் கைநாட்டாக்கும் அந்தச் சீட்டை மாற்றக் கோரி மனு கொடுத்திருக்கிறேன். அவர்களில் பலர் அதில் தமிழில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.