பக்கத்து வீட்டு ஆடும் பேராசிரியர் கதிரையும்

கேள்வி: கிழக்குப் பல்கலைக்கழகத்தில் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் பெயரில் ஒரு பேராசிரியர் இருக்கை அமைத்தால் என்ன?
– வாசகர், களுதாவளை

பதில்: தாராளமாக அமைக்கலாம்; ஒருவர் பெயரில் ஏற்படுத்தும் பேராசிரியர் பதவிதானே. ஆனால் ‘இருக்கை’ என்கிறீர்களே, அதுதான் உறுத்துகிறது. பஸ்ஸில் சீட், பாராளுமன்றத்தில் ஆசனம், வீட்டில் கதிரை. இருக்கையை நான் மேடைப் பேச்சில் மட்டுமே கண்டிருக்கிறேன்.

பண்டித நண்பர் ஒருவர் இருபது வருடமாக என் ‘கதிரை’யைச் சிவப்பு மையால் வெட்டி ‘நாற்காலி’ என்று திருத்தி அனுப்புகிறார். நாலு கால் உள்ளதெல்லாம் நாற்காலி என்றால், என் வாழைக்கன்றைத் தின்றுவிட்டுப் படுத்திருக்கும் பக்கத்து வீட்டு ஆடும் நாற்காலிதான். அதில் பேராசிரியரை அமர்த்தலாமா? சில்லுப் பூட்டிய கந்தோர்க் கதிரைக்கு ஐந்து கால்; அதற்கு என்ன பெயர் என்று கேட்டு எழுதினேன். இன்னும் பதில் வரவில்லை.

கதிரை போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல். அதன் மூலமான ‘கதீட்ரா’ என்ற இலத்தீன் சொல் ஆயரின் ஆசனத்தையும் குறிக்கும், ஆசிரியரின் ஆசனத்தையும் குறிக்கும். பல்கலைக்கழகம் தேடும் சொல் மட்டக்களப்புக் குசினியில் கிடக்கிறது!

கிறீனும் என் கட்சிதான். 1847இல் அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் முதலில் ஆங்கிலத்திலும் பின்னர் தமிழிலேயும் கற்பித்து 60க்கு மேற்பட்டோரை வைத்தியராக்கியவர். சத்திரசிகிச்சை நூலுக்கு ‘இரண வைத்தியம்’ என்று பெயரிட்டவரே, 1875இல் வந்த இரசாயன நூலுக்குக் கூசாமல் ‘கெமிஸ்தம்’ என்று வைத்தார். என் நண்பர் மெய்ப்புப் பார்த்திருந்தால் அது இன்னும் அச்சகத்தில்தான் கிடக்கும்.

கதிரை சரி, அமர்பவர் எந்த மொழியில் கற்பிப்பார்? போன மாதம் என் முழங்காலைப் பார்த்த இளம் வைத்தியர், நல்ல பிள்ளை, வருத்தத்தின் பெயரை ஆங்கிலத்தில் சொன்னார். “தமிழில் என்ன தம்பி?” என்றேன். யோசித்துவிட்டு, “முழங்கால் வருத்தம்தான் ஐயா” என்றார். அது வீட்டிலிருந்து புறப்படும்போதே எனக்குத் தெரியும். கலைச்சொல்லாக்கத்தில் முன்நின்ற விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவு இங்கிருந்து ஒரு பஸ் தூரம்தான்.

ஆகவே கிறீன் கதிரையில் அமர்பவர் ஆண்டுக்கு ஒரு மருத்துவ நூலாவது தமிழில் எழுத வேண்டும். பெயர்ப்பலகையில் ‘கதிரை’ என்றே இருக்க வேண்டும். திறப்பு விழாவுக்குப் பண்டிதருக்கும் அழைப்பு உண்டு. சிவப்புப் பேனையை மட்டும் வாசலில் வாங்கி வைத்துவிடுவோம்.