பிஎச்டி முடிச்சாச்சு, அடுத்து?

கேள்வி: பெண்கள் படிப்புக்கும் குழந்தைப்பேறுக்கும் உள்ள தொடர்பு பத்தி பிஎச்டி முடிச்சிருக்கேன் சார், அடுத்து ஆய்வைத் தொடர உதவித்தொகை தர்ற போஸ்ட்டாக் ஃபெல்லோஷிப் எங்க கிடைக்கும்?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: முதல்ல ஐசிஎஸ்எஸ்ஆர் (இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கவுன்சில்) பாருங்கம்மா, சமூக அறிவியலுக்குன்னே இருக்கற அமைப்பு, ரெண்டு வருஷ ஃபெல்லோஷிப், ஆனா ஒரு பல்கலைக்கழகமோ ஆய்வு நிறுவனமோ உங்களை சேர்த்துக்கணும், சென்னைல அடையாறு எம்ஐடிஎஸ்ல (சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம்) கேட்டுப் பாருங்க. மக்கள்தொகைன்னா மும்பை தேவ்னார் ஐஐபிஎஸ் (சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம்), 1956ல ஆரம்பிச்சது, தேசியக் குடும்பநல சர்வேயை நடத்தறதே அவங்கதான். அதுல ஒவ்வொரு பெண்ணும் எத்தனை வருஷம் படிச்சாங்க, ஒவ்வொரு குழந்தையும் எந்த மாசம் எந்த வருஷம் பொறந்துச்சுன்னு தனித்தனியா பதிவு பண்ணிருப்பாங்க, உங்க தலைப்புக்கு வேற என்ன வேணும்! வெளிநாடுன்னா வியன்னா விட்கென்ஸ்டைன் சென்டர், வயசு, பாலினத்தோட படிப்பையும் சேர்த்தே மக்கள்தொகையைக் கணிக்கறாங்க. ப்ரபோசல்ல பழைய தீசிஸை சுருக்கி ஒட்டாதீங்க, புதுக் கேள்வி வைங்க.