காதுமெஷினை முடிக்குள் மறைக்க வேண்டாம், தங்கச்சி

குன்னூரிலிருந்து மான்செஸ்டர் வந்து நாலு மாதம் ஆகிறது, எட்டு வயதுப் பையனுக்கு இரண்டு காதும் சரியாகக் கேட்காது என்பதைப் பள்ளிக்கூடத்தில் இன்னும் சொல்லவில்லை என்று எழுதியிருந்தீர்கள். சொன்னால் வேறு பள்ளி பாருங்கள் என்பார்களோ என்று பயந்து, முடி வளர்த்து மெஷினை மறைத்திருக்கிறீர்கள். குறைபாடு 40 சதவீதம் வரவில்லை என்று ஊட்டியில் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் கிடைக்கவில்லை, கையில் காகிதம் இல்லாமல் எதைக் காட்டிக் கேட்பது என்பது உங்கள் கேள்வி.

நான் இப்போது இங்கிலாந்திலிருந்து லீவுக்குக் கோத்தகிரி வந்திருக்கிறேன். காது சரியாகக் கேட்காத என் மகள் ரெண்டாம் கிளாஸ் படித்தது இங்கேதான். ஐப்பசி மழை தகரக் கூரையில் கொட்டினால் நன்றாகக் கேட்கிற பிள்ளைகளுக்கே பாடம் காதில் விழாது. அவளுக்குக் கடைசி பெஞ்ச். முன்னால் உட்கார வையுங்கள் என்று கேட்டேன். "ஒரு பிள்ளைக்காக எல்லாரையும் மாத்த முடியுமா?" என்றார்கள். மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். அந்த மன்னிப்பு இன்னும் மனதை அறுக்கிறது.

நீங்கள் அப்படிக் கெஞ்ச வேண்டியதில்லை. அங்கே இங்கிலாந்தில் 2010-ஆம் வருட சமத்துவச் சட்டம் இருக்கிறது. அதில் சதவீதமும் கிடையாது, அட்டையும் கிடையாது. அன்றாடக் காரியங்களுக்குக் கணிசமான தடையா, 12 மாதமாவது நீடிக்குமா, இவ்வளவுதான் பார்ப்பார்கள். மெஷின் போட்டால் கேட்கிறதே என்று யாராவது சொன்னால், மெஷின் இல்லாமல் எவ்வளவு கேட்கும் என்பதுதான் கணக்கு என்று சொல்லுங்கள். காது கேளாது என்பதற்காகச் சேர்க்க மறுப்பதும் வெளியே அனுப்புவதும் சட்டவிரோதம்.

அதோடு, மற்றப் பிள்ளைகளைவிட இவன் பின்தங்கிப் போகாதபடி நியாயமான மாற்றங்களைச் செய்வது பள்ளியின் கடமை. 2012 செப்டம்பரிலிருந்து துணைக் கருவிகளும் அந்தக் கடமையில் சேர்த்தி. அதற்கான செலவை உங்களிடம் கேட்கக் கூடாது.

என் மகளுக்கு அங்கே கிடைத்தது ரேடியோ எய்டு. டீச்சர் கழுத்தில் சின்னதாக ஒரு மைக் தொங்கும், பேசுவது நேராக மெஷினுக்குப் போகும். முதல் நாள் வீட்டுக்கு வந்து, "அம்மா, டீச்சர் என் காதுக்குள்ளயே பேசுறாங்க" என்றாள். ஆனால் பின்னாலிருந்து ஒரு பிள்ளை பதில் சொன்னால் அந்த மைக்கில் சரியாக வராது. அதை டீச்சர் திருப்பிச் சொல்ல வேண்டும். காசு செலவில்லாத மாற்றம் இது, கேட்காவிட்டால் யாருக்கும் தோன்றாது. அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

எங்களுக்குத் தெரியாதே என்று பள்ளி சொல்ல இடம் கொடுக்காதீர்கள். சிறப்புக் கல்வித் தேவைகளைக் கவனிக்கும் ஆசிரியர் ஒருவர் இருப்பார், சென்கோ என்பார்கள். அவருக்கு ஈமெயில் எழுதுங்கள். நேரில் பேசினாலும் பேசியதை அன்றைக்கே எழுதி அனுப்பிவிடுங்கள். குன்னூரில் எடுத்த ஆடியோகிராம், அதாவது கேட்கும் திறனைச் சோதித்த ரிப்போர்ட், இருந்தால் இணையுங்கள். ஜிபியிடம், அதாவது உங்கள் குடும்ப டாக்டரிடம், சொல்லி அங்கே ஒரு பரிசோதனைக்கும் எழுதி வாங்குங்கள்.

மறுத்தால் முதலில் பள்ளியிலேயே எழுத்தில் புகார். அதற்கும் அசையவில்லை என்றால் ட்ரிப்யூனல், இப்படிப்பட்ட புகாரை விசாரிக்கும் தீர்ப்பாயம். நடந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் போக வேண்டும், பள்ளி பதில் எழுதட்டும் என்று காத்திருந்து நாளைக் கோட்டை விடாதீர்கள். நஷ்டஈடு கிடைக்காது. மன்னிப்புக் கடிதம், ஆசிரியர்களுக்குப் பயிற்சி, விதியை மாற்றுவது, இவற்றுக்கு உத்தரவு போடுவார்கள்.

ஈமெயிலைத் தமிழிலேயே எழுதி எனக்கு அனுப்புங்கள், தங்கச்சி. இன்றிரவே ஆங்கிலத்தில் ஆக்கித் தருகிறேன்.