மெக்சிகோவின் துலும் ஊரில் மனை: முன்பணம் கொடுக்கலாமா?

வெளிநாட்டவரான நீங்கள் துலுமில் பார்த்த மனைக்கு முன்பணம் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். கொடுக்காதீர்கள். விற்பவர் காட்டும் 'சேசியோன் தே தெரேச்சோஸ்' வெறும் உரிமை மாற்றக் கடிதம். கிரயப் பத்திரம் அல்ல.

பக்கத்து வீட்டு அம்மா "இது எஹிதோ நிலம்" என்றாரே, அது பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். எஹிதோ, ஊராரின் கூட்டு விவசாய நிலம். தனிச் சொத்தாக மாற்றிப் பதியும்வரை வெளிநாட்டவர் பெயருக்கு வராது. எஹிதோவிடம் குத்தகை எடுத்து மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியாவில் உள்ள புந்தா பாண்டாவில் வீடு கட்டிய அமெரிக்கர்கள் 2000-இல் வெளியேற்றப்பட்டார்கள். பாவம், கட்டிய வீட்டையே விட்டுவிட்டுப் போனார்கள்.

முதலில் விற்பவரிடம் ஃபோலியோ எண், அதாவது மனையின் பதிவு எண், கேளுங்கள். அதை வைத்துச் சொத்துப் பதிவகத்தில் வில்லங்கச் சான்று எடுங்கள். எண் தராமல் இழுத்தடித்தால் விலகிவிடுங்கள்.

பதிவு சரியாக இருந்தாலும், கடற்கரையிலிருந்து 50 கி.மீ.க்குள் வீட்டு மனையை வெளிநாட்டவர் வங்கி அறக்கட்டளை வழியாகத்தான் வாங்க முடியும்; மனை வங்கியின் பெயரில் இருக்கும், அனுபவிக்கும் உரிமை உங்களுக்கு. அந்த அறக்கட்டளை 50 ஆண்டுக்கு, புதுப்பிக்கலாம்.

அப்புறம், அந்த அம்மாவிடம் இன்னொரு முறை உட்கார்ந்து பேசுங்கள். நிலம் முன்பு யாருடையது என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.