சண்டை போட்டால் நட்டம்

வணக்கம். என் மகனுக்கு அவன் அம்மான் சிங்கப்பூரிலிருந்து நிண்டெண்டோ 3டிஎஸ் என்ற பழைய கையடக்க விளையாட்டுக் கருவி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். கூடவே ‘பேப்பர் மாரியோ: ஸ்டிக்கர் ஸ்டார்’ கேம். பையனுக்கு அதன்மேல் கொள்ளைப் பிரியம். ஆனால் பாலைவன உலகின் முடிவில் வரும் பெரிய எதிரியான ‘பாஸி’டம் திரும்பத் திரும்பத் தோற்று, ஸ்டிக்கரெல்லாம் தீர்ந்துபோய் அழுகிறான். அவனுக்கு விளையாடத் தெரியவில்லையா, கேமே இப்படித்தானா? விட்டுவிடச் சொல்லலாமா?
மெ.சொ., காரைக்குடி

அன்புள்ள மெ.சொ. அவர்களுக்கு,

விட்டுவிடச் சொல்லாதீர்கள். பையன்மேல் குறை இல்லை. 2012இல் வந்த இந்த கேம் பார்க்க அத்தனை அழகு. அட்டையில் வெட்டி ஒட்டிய உலகம், காகிதத் தடிமன்கூடத் தெரியும் மரங்கள், மடிந்தும் சுருண்டும் கிடக்கும் எதிரிகள். நடுவே கத்தரிக்கோல், மின்விசிறி, பேஸ்பால் மட்டை என்று நிஜப் பொருள்கள் மாரியோவைவிடப் பெரிதாகக் கிடக்கும். உங்கள் ஊர் முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் சாமான் சாமானாகப் பார்த்துக்கொண்டே நடக்கும் குழந்தைக்கு இருக்கும் அதே குதூகலம் இதில் உண்டு.

கோளாறு சண்டையின் வரவு செலவில் இருக்கிறது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு ஸ்டிக்கர் செலவு. குதித்து மிதிக்க ஒன்று, சுத்தியலால் அடிக்க ஒன்று. அடித்ததும் அது போய்விடும். இதற்கு முந்தைய பேப்பர் மாரியோக்களில், 2004இல் நிண்டெண்டோவின் கேம்க்யூப் கருவிக்கு வந்த ‘தௌசண்ட் இயர் டோர்’ உட்பட, எதிரியை வீழ்த்தினால் அனுபவப் புள்ளி சேரும், மாரியோ வலுவாவான். இங்கே அந்தப் புள்ளியே கிடையாது. சில காசுகள் கிடைக்கும். அவற்றால் மறுபடி ஸ்டிக்கர்தான் வாங்க வேண்டும். உயிர் அளவு கூடுவது வழியில் ஒளித்து வைத்திருக்கும் இதயங்களால், ஒன்றுக்கு 5 புள்ளி வீதம். ஆகவே விவரமாக ஆடுபவன் சண்டையைக் கண்டால் ஒதுங்கிப் போவான். கேமின் பாதி சண்டை. அதைத் தவிர்ப்பதே லாபம் என்று ஆக்கியதுதான் தப்பு. போதாக்குறைக்கு எந்த எதிரியை அடிப்பது என்று நாமே தேர்ந்தெடுக்கவும் முடியாது. முன்னால் நிற்பவன்மேல்தான் முதல் அடி விழும். முன்வரிசையில் முள் முதுகுக்காரன் நின்றால் சாதாரணக் குதி ஸ்டிக்கர் வீண், நமக்கும் காயம்.

தயாரிப்பாளர் கென்சுகே தனபே இதன் பின்கதையை நிண்டெண்டோவின் அப்போதைய தலைவர் சடோரு இவாட்டாவுடனான நேர்காணலில் சொல்லியிருக்கிறார். முதல் மாதிரியைப் பார்த்த, மாரியோவை உருவாக்கிய மியாமோட்டோ, இது கேம்க்யூப் கேமின் மறுபதிப்புபோல இருக்கிறது என்றாராம். கதை அவ்வளவாக வேண்டாம், மாரியோ உலகத்துப் பாத்திரங்களே போதும் என்றும் சொன்னாராம். பலரும் கதை குறைந்ததைத்தான் குறை சொல்வார்கள். என்னைக் கேட்டால், கதை மெலிந்ததைத் தாங்கிக்கொள்ளலாம். அனுபவப் புள்ளியை எடுத்ததைத் தாங்க முடியாது.

இனி உங்கள் பையன் மாட்டிக்கொண்ட இடம். அந்த பாஸின் பெயர் டவர் பவர் போக்கி. உருண்டைமேல் உருண்டையாக அடுக்கிய கள்ளிச்செடி உடம்பு. சாதாரண ஸ்டிக்கரால் அடித்தே தீர்க்கப் பார்த்தால், ஸ்டிக்கர்களைச் சேர்த்து வைக்கும் ஆல்பம் காலியாகும். அதற்கு வேண்டியது பேஸ்பால் மட்டை. சண்டை நடப்பது ஒரு ஸ்டேடியத்தில், குறிப்பு அதுதான். நியாயமான குறிப்பு என்றே சொல்வேன். ஆனால் கையில் மட்டை இல்லாமல் உள்ளே போனவனுக்கு அது புரிந்தும் பயனில்லை.

முதலில் அவனை அங்கிருந்து வெளியே வரச் சொல்லுங்கள். மட்டை இன்னும் கிடைக்கவில்லையென்றால் பாலைவன லெவல்களை மூலை முடுக்கு விடாமல் தேட வேண்டும். கிடைத்த பொருளை நகரத்தில் ஸ்டிக்கராக மாற்றினால்தான் சண்டையில் எடுக்க முடியும். ஏற்கெனவே எடுத்து வேறு எங்காவது செலவழித்திருந்தால் கவலை வேண்டாம்: ஒருமுறை கண்டெடுத்த பொருளை நகரத்துக் கடையில் காசு கொடுத்து மறுபடி வாங்கலாம்.

பொருள் ஸ்டிக்கர்கள் ஆல்பத்தில் நிறைய இடம் அடைக்கும். எல்லாவற்றையும் மாற்றி வைத்தால் குதி ஸ்டிக்கருக்கும் சுத்தியல் ஸ்டிக்கருக்கும் இடம் இராது. தேவைப்படும்போது மாற்றினால் போதும். லெவலை விட்டு வெளியேறி மறுபடி நுழைந்தால் சுவரில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர்கள் திரும்ப வந்திருக்கும்; பாஸுக்கு முன் அப்படி இரண்டு பக்கமாவது நிரப்பிக்கொள்ளட்டும். சுத்தியல் அதிகமாக, முள்ளைத் தாங்கும் இரும்பு பூட்ஸ் சில. சண்டையில் 3 காசு போட்டுச் சுழற்றும் சக்கரத்தில் படங்கள் பொருந்தினால் ஒரே முறையில் இரண்டு, மூன்று ஸ்டிக்கர் போடலாம். காசைச் சேர்த்து வைத்திருப்பது இதற்காகத்தான். ஸ்டிக்கர் படும் நொடியில் ஏ பட்டனை அழுத்தினால் அடி கூடும். எதிரி அடிக்கும்போது அழுத்தினால் காயம் குறையும். ஒரே ஸ்டிக்கரில் கூடுதல் பலன் என்பதால், இதை நன்றாகப் பழகிவிட்டால் செலவு கணிசமாகக் குறையும்.

மிக முக்கியமானது, பாஸுக்கு முன்னால் சேவ் செய்துவிட்டு உள்ளே போவது. தவறான பொருளை வீணாக்கிவிட்டால் சேவ் செய்யாமல் மறுபடி தொடங்கட்டும். ஸ்டிக்கர்கள் அப்படியே இருக்கும். முதல் சண்டையை வேவு பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாம் உலகிலும் இதே பிடிவாதம்தான். அங்கே காத்திருப்பது கூப்பர் ப்ளூப்பர் என்ற கணவாய், விஷம் கக்கும். அந்த விஷத்தை உறிஞ்ச ஸ்பஞ்ச் வேண்டும். விஷம் கக்கத் தயாராகும் சுற்றில் போட வேண்டும், முன்னாலேயே போட்டால் வீண். வழியில் ஸ்பஞ்ச் கண்ணில் பட்டால் அதை வேறெதற்கும் செலவழிக்க வேண்டாம் என்று இப்போதே சொல்லி வையுங்கள்.